சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் கடலுணவு: ஹாங்காங் அனுபவம்

ஹாங்காங்கில் அதிகச் செலவின்றிக் கன்டோனியக் கடலுணவு சாப்பிட விரும்புகிறவர்கள், கடலுணவுக்குப் பெயர்பெற்ற சாய் குங் கடற்கரைக்கோ லேய் யூ முன் கிராமத்துக்கோ கிளம்புவதற்கு முன்னால், நகருக்குள்ளேயே சந்தைக் கட்டடங்களின் மேல்தளத்தில் இயங்கும் உணவு மையங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதே பல ஆண்டுகள் அவற்றில் சாப்பிட்ட பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் கருத்து. தெருவோரக் கடைகளை அரசு கட்டடங்களுக்குள் இடம் மாற்றியபோது உருவானவை இவை. நார்த் பாயிண்டின் ஜாவா சாலைச் சந்தையில் உள்ளதுபோல, கீழே மீனும் காய்கறியும் விற்கும். மேலே பிளாஸ்டிக் முக்காலிகளும் வட்ட மேசைகளும் காதடைக்கும் இரைச்சலும் இருக்கும். உட்கார்ந்ததும் வருகிற சூடான தேநீரில் கிண்ணத்தையும் குச்சிகளையும் கழுவிக்கொள்வது உள்ளூர் வழக்கம். அந்தத் தேநீருக்கும் பல கடைகளில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு.

இத்தகைய கடைகளின் பலம் அடுப்பில் இருக்கிறதே தவிர மீன் தொட்டியில் இல்லை. சீறி எரியும் எரிவாயு அடுப்பில், கறுத்துப்போன இரும்பு வாணலியில், நொதித்த கறுப்புச் சோயா அவரை, பூண்டு, மிளகாய் சேர்த்துப் புரட்டிய மட்டி சில நிமிடங்களில் மேசைக்கு வந்துவிடும். அதில் ஏறியிருக்கும் புகைமணத்தை வீட்டு அடுப்பில் கொண்டுவர என்னால் இதுவரை முடியவில்லை. உப்பும் மிளகும் தூவிப் பொரித்த கணவாயும் அப்படியே. மேல்மாவு மெல்லியதாக, எண்ணெய் கசியாமல் இருந்தால் மற்ற பண்டங்களையும் அந்தச் சமையற்காரரிடம் நம்பிக் கேட்கலாம். காஸ்வே பே புயல் ஒதுங்குதுறையின் படகுவாசிகளிடமிருந்து வந்த நண்டு வறுவலில், நண்டைவிட அதன்மேல் குவித்திருக்கும் பொரித்த பூண்டுக்காகவே நான் சோறு கேட்டு வாங்குவதுண்டு. மட்டிக்கும் கணவாய்க்கும் ஆகும் செலவு சிறிது. நண்டின் விலை மட்டும் பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்கும்.

ஆவியில் வேகவைத்த முழு மீனைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இஞ்சியும் வெங்காயத்தாளும் பரப்பி, கொதிக்கும் எண்ணெயையும் சோயா சாற்றையும் ஊற்றித் தரும் இந்தப் பண்டத்தில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. சதை எலும்பை விட்டு அப்போதுதான் பிரிகிற பதத்தில் இறக்க வேண்டும், ஓரிரு நிமிடம் தாண்டினாலும் மீன் சக்கையாகிவிடும். கூட்டம் நெரியும் வார இறுதி இரவுகளில் எனக்குச் சக்கை மீனே பலமுறை கிடைத்திருக்கிறது. ஆகையால் விலையுயர்ந்த சிவப்புப் புள்ளிக் கலவாவை இங்கே கேட்பது வீண்செலவு என்பேன். மலேசியாவின் சபா மாநிலத்தின் பெயரில் விற்கும் வளர்ப்புக் கலவா போதும். அதன் தடித்த தோலும் உறுதியான சதையும் சற்றுக் கவனக்குறைவைத் தாங்கும்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக 'அன்றைய விலை' என்று எழுதியிருக்கும் இடத்தில் கேட்கக் கூச்சப்படக் கூடாது. அங்கே எடை இன்றும் 'கட்டி' கணக்கில் சொல்லப்படுகிறது. ஹாங்காங்கில் ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம், சீனப் பெருநிலத்திலோ 500 கிராம். சொல்லும் விலை ஒரு கட்டிக்கா, முழு மீனுக்கா என்பதை, மீன் தொட்டியை விட்டுச் சமையலறைக்குள் போவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

சைவர்களுக்கு இந்தக் கடைகள் ஏற்றவை அல்ல. வெறும் கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கலாம். கடலுணவு மட்டும் உண்போரும், பன்றி இறைச்சியைத் தவிர்ப்போரும் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். பரபரப்பான நேரத்தில் பணியாளர்களுக்கு அதற்குப் பொறுமை இராது. மாலை ஆறு மணிக்கே போய்விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, மீனும் பதமாக வரும். சில கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும் என்பதால் கையில் பணத்தோடு போவது நல்லது.