பட்டுவின் கூடையைத் திறந்து பார்த்தவர்

அம்மாவின் பூனையைக் காட்டப் போனால், அந்த வைத்தியர் கூடையின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வார ஊர்ப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அதுதான். அப்பாவின் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. வங்கி வேலை, பட்டா வேலை எல்லாம் நடந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பட்டு அம்மாவின் பூனை. ஒன்பது வயது. கும்பகோணத்தில் வீட்டுக்குள் நுழைந்த அன்றே அவளைப் பார்த்துப் பதறிவிட்டேன். போன முறை பார்த்தபோது மடியில் கனத்தவள், இப்போது முதுகெலும்பு கையில் தட்டுகிறது. பத்து மாதமாக வயிறு சரியில்லையாம். இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் பேதி. வாரத்தில் இரண்டு தடவை வாந்தி. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. ஒன்பது ஒரு பூனைக்கு அப்படியொன்றும் சாகிற வயதில்லை.

டொராண்டோவில் எங்கள் பூனை மிளகுக்கும் இதே கதைதான். மூன்று வருடத்துக்கு முன், மாதக்கணக்கில் வாந்தி. மருந்து நிறுத்தினால் திரும்ப வரும். கடைசியில் ஒரு ஹோலிஸ்டிக், அதாவது முழுமையான வைத்தியம் பார்க்கும், கால்நடை மருத்துவரிடம் போனோம். அங்கே அந்தச் சொல்லைப் பலகையில் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்கிறவரும் மாகாணத்தின் உரிமம் பெற்ற கால்நடை மருத்துவராகத்தான் இருக்க வேண்டும். ஆறு வாரம் காத்திருந்து, முதல் சந்திப்புக்கு 260 டாலர் கொடுத்தேன். ஊசி குத்தும் அக்குபங்சரும் செய்தார். ஆனால் மிளகு தேறியது அதனால் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன சாப்பிடுகிறது, எத்தனை மணிக்கு, யார் வைக்கிறார்கள், மணல் தட்டு எங்கே இருக்கிறது, வீட்டில் யாராவது புதிதாக வந்தார்களா. பிறகு தீனியை மாற்றினார். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த தீனி. பத்து நாளில் வாந்தி நின்றது.

அதனால்தான் ஊரில் பெரிய கடைத்தெருவில் 'செல்லப் பிராணிகளுக்கு முழுமையான இயற்கை வைத்தியம்' என்ற பலகையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. நம்ம ஊருக்கும் வந்துவிட்டதே என்று. அடுத்த நாளே பட்டுவைக் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, சாம்பிராணி வாசனை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மா சொன்னதை இரண்டு நிமிடம் கேட்டார். பூனை கத்தியது. கூடையைத் திறக்கட்டுமா என்றேன். "வேண்டாம் மேடம், புரிஞ்சுடுச்சு" என்றார். ஒரு பொடி, ஒரு எண்ணெய். பொடியைத் தேனில் குழைத்துக் காலை மாலை கொடுக்க வேண்டும். எண்ணெயை வயிற்றில் தடவ வேண்டும். முதல் இரண்டு நாள் பட்டினி. "லங்கணம் பரம ஔஷதம்னு பெரியவங்க சொல்லலையா?" 1,800 ரூபாய்.

பணம் எனக்குப் பெரிதில்லை. டொராண்டோவில் கொடுத்ததில் எட்டில் ஒரு பங்குகூட வராது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். வெந்தயம், சீரகம், மிளகு, மஞ்சள், பெருங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம். எண்ணெயில் நீலகிரித் தைலம். கை நடுங்கிவிட்டது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். காயவைத்துப் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது, சிறிய அளவே தினமும் போனால் சோகை வரும். நீலகிரித் தைலத்தை வயிற்றில் தடவினால் பூனை என்ன செய்யும்? நக்கும். நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் உயிர் அது. தோலில் தடவியது எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். பட்டினி இதைவிட மோசம். மனிதனுக்கு ஒரு வேளை லங்கணம் நல்லதாக இருக்கலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து, ஈரலே கெட்டுவிடும்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. அம்மா அந்தப் பொடியை நம்பிக் கொடுத்திருப்பாள். நான் வராமல் இருந்திருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன்.

மறுநாள் காலை 8 மணிக்கு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். சின்ன வயதில் தாத்தாவோடு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போன அதே கட்டடம். அதே புங்கமரம், மாட்டை நிறுத்தும் அதே இரும்புச் சட்டம், அதே சாணி வாசனை. எங்களுக்கு முன்னால் ஐந்து ஆடு, இரண்டு பசு. "பூனைக்கா வந்தீங்க?" என்று ஒரு பெரியவர் ஆச்சரியமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வெயில் படுகிறதே என்று கூடையை நிழலுக்கு நகர்த்தியும் வைத்தார்.

மருத்துவர் இளம்பெண். எங்களுக்கு முன்னால் இருந்த பசுவுக்கு மடிநோய். அதற்கு அவர் சொன்னதைக் கவனித்துக் கேட்டேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், சேர்த்து அரைத்து, மடியை நன்றாகக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பலமுறை தடவ வேண்டும். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மையம் ஊர் ஊராகக் கொண்டுபோன வைத்தியம் அது. இதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. இவரும் மூலிகைக்காரர்தான்.

எங்கள் முறை வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கூடையைத் திறந்தது. பட்டுவை மெதுவாக வெளியே எடுத்து, துண்டில் சுற்றி, எடை பார்த்தார். 2.9 கிலோ. ஈறு பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கழுத்தை இருபக்கமும் தடவிப் பார்த்தார். வயதான பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி இளைத்து வாந்தி எடுக்குமாம். பொட்டலத்தைக் காட்டினேன். ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "இது மாட்டுக் கழிச்சலுக்குக் கொடுக்கிறது மேடம். மாட்டுக்கு நானே எழுதித் தருவேன். பூனைக்கு ஒரு சிட்டிகை தரமாட்டேன்."

ஏன் என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். மாடு தழை தின்கிற ஜீவன், அசைபோடும் வயிறு முழுக்க நுண்ணுயிர், பச்சிலைகள் பலவற்றை அது முதலில் அங்கேயே உடைத்துவிடும். பூனை இறைச்சி தின்னவே பிறந்தது. செடியில் இருக்கும் பல பொருள்களை மாற்றி வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அப்படியிருக்க ஏழு சரக்குப் பொடியை எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. டொராண்டோவில் 260 டாலருக்குக் கேட்ட அதே கேள்விகள், இங்கே வெளியே ஆடு கத்திக்கொண்டிருக்க, கட்டணமே இல்லாமல். என்ன சாப்பிடுகிறாள்? தயிர் சாதம், பிஸ்கட், பால். எங்கள் வீடு சைவம். பக்கத்து வீட்டு அக்கா எப்போதாவது மீன் தலை போடுவார். பால் எத்தனை தடவை? மூன்று தடவை. எப்போதிலிருந்து?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். அப்பா இருந்தவரை மதியம் தன் தட்டிலிருந்து ஒரு கை தயிர் சாதம் எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அப்பா போன பிறகு பட்டு அவர் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தாளாம். கேட்கப் பொறுக்காமல் அம்மா ஒரு கிண்ணம் பால் வைத்தாள். கத்தல் நின்றது. அன்றிலிருந்து எப்போது கத்தினாலும் பால். கணக்குப் பார்த்தால் பத்து மாதம்.

மருத்துவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "நீங்க ஆறுதலுக்குக் கொடுத்தீங்கம்மா" என்றார். குட்டியாக இருக்கும்போது பாலைச் செரிக்கும் நொதி பூனைக்கு நிறைய இருக்கும், வளர்ந்ததும் குறைந்துவிடும். தயிரில் பாலின் சர்க்கரை கொஞ்சம் உடைந்திருப்பதால் ஒரு கை தயிர் சாதம் வயிற்றைப் படுத்தியிருக்காது. ஆனால் அதை மட்டுமே தின்றால், இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காது. கண்ணும் இதயமும் கெடும். பூனையின் இதயம் வீங்குவதற்கு டாரின் குறைவு ஒரு காரணம் என்று 1987-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உலகமெங்கும் பூனைத் தீனியில் அதைச் சேர்ப்பது அதனால்தான்.

மலத்தைத் தஞ்சாவூரில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார். புழுவோ, ஜியார்டியா என்ற குடல் கிருமியோ இல்லை என்று வந்தது. இரண்டு வாரம் உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழி மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. சாப்பாட்டுக் கோளாறு என்றால் அதற்குள் தெரிந்துவிடும். கோழியையே தொடர்ந்து கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், பிறகு பூனைக்கென்றே செய்த முழுத் தீனிக்கு மெல்ல மாற வேண்டும். பி12 ஊசி வாரம் ஒன்றாக ஆறு, ஒவ்வொன்றும் 250 மைக்ரோகிராம். குடல் கெட்ட பூனைக்கு அந்தச் சத்து ஏறாது, அது ஏறாவிட்டால் குடலும் தேறாது. இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். குடல் அழற்சியும் குடல் புற்றும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்குமாம்.

எங்கள் அடுப்பில் கோழி வேகாது. அம்மாவால் முடியாது, நானும் வற்புறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதும் "இதுக்குப் போயி யோசிக்கிறீங்களா?" என்றார். தினமும் காலை ஒரு தூக்குவாளி சுவர் தாண்டி வரும். பட்டு அதன் சத்தத்துக்கே ஓடி வருவாள்.

கொல்லையில் களை பிடுங்கியபோது குப்பைமேனியை வேரோடு இழுத்துப் போட்டேன். பட்டு அந்த வேரில் முகத்தைத் தேய்த்து, புரண்டு, குட்டி மாதிரி துள்ளினாள். பாட்டி அந்தச் செடியைப் பூனைவணங்கி என்றுதான் சொல்வாள். பத்து மாதத்தில் அவள் விளையாடி இன்றுதான் பார்க்கிறேன் என்றாள் அம்மா. மருத்துவரிடம் கேட்டேன். மோந்து புரண்டால் போதும், அரைத்து உள்ளே கொடுக்காதீர்கள் என்றார்.

ஒன்பதாம் நாள் மலம் கெட்டியானது. நான் விமானம் ஏறும்போது எடை 3.1 கிலோ. அந்தப் பொட்டலத்தை மட்டும் அம்மா தூக்கிப்போட விடவில்லை, மருத்துவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். யாராவது கேட்டால் காட்டட்டும் என்று.

நேற்று வீடியோவில் கூப்பிட்டாள். நான்காவது ஊசிக்குத் தானே ஆட்டோ பிடித்துப் போய் வந்திருக்கிறாள். பட்டு இன்னும் அந்த நாற்காலிக்கு அடியில்தான் உட்காருகிறாளாம். கத்தினால் இப்போது அம்மாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள், கிண்ணம் இல்லாமல்.