ஊரில் இணையம்: எட்டு ஆண்டுகளில் நான்கு இணைப்புகள், ஒரு பயன்பாட்டு அனுபவம்

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம், சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரவிருந்த நேரத்தில், சென்னையை விட்டு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தேன். கணக்கு எழுதுவதும் வரிப் படிவங்களைத் தாக்கல் செய்வதும் என் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் திருச்சியிலும் இருப்பதால், ஒவ்வொரு மாதமும் படிவங்களுக்குக் கடைசி நாட்களான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வீட்டில் இணையம் இருந்தே தீர வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கும் மேலான இக்காலத்தில் நான்கு வகை இணைப்புகளைச் சொந்தப் பணத்தில் வாங்கிப் பயன்படுத்திவிட்டேன். கிராமத்தில் இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் வேகத்தையும் கட்டணத்தையும் ஒப்பிடுவதற்கு முன், அது அறுந்தால் சரிசெய்ய யார் வருவார், எங்கிருந்து வருவார், என்ன கருவியோடு வருவார் என்பதை விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு நான் வந்து சேர்ந்த வழியைக் கூடுமானவரை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் எடுத்தது தொலைபேசிக் கம்பிவழி வந்த பிராட்பேண்ட். செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூடச் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும் என்பதால், தொலைபேசி நிலையத்திற்கு அருகில் இருப்பவருக்கு 20 எம்பிபிஎஸ் வரை தரக்கூடிய அதே தொழில்நுட்பம் நாலரை கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் வீட்டில் 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியதில்லை. ஐப்பசி மழையில் கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கினால் அதுவும் நிற்கும். இடி மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றி வைக்க மறந்த ஒரு மாலையில் மோடம் கருகிப்போனது. ஆனாலும் அந்த இணைப்பைப் பற்றி நன்றியோடுதான் நினைக்கிறேன்; ஏனென்றால் லைன்மேன் அண்ணன் இரண்டு ஊர் தள்ளித்தான் குடியிருந்தார், சொன்னால் மறுநாள் காலைக்குள் சைக்கிளில் வந்துவிடுவார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு தொலைபேசிக் கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரவே மூன்று வாரங்கள் ஆயின. அதன் பிறகு அந்தக் கம்பிவழி இணைப்பு எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை.

அடுத்த இரண்டரை ஆண்டுகள் கைப்பேசியின் 4ஜி இணையத்திலேயே ஓட்டினேன். செலவு குறைவு, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பவை அதன் நன்மைகள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்ற அளவு தீர்ந்தால் வேகம் ஏறக்குறைய இல்லாமல் போவதும், மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ஊர் முழுவதும் ஒரே டவரை நம்பியிருப்பதும் அதன் குறைகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பிள்ளைகளுக்கு வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபின் பகலிலும் அதே நெரிசல் ஏற்பட்டது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது: 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வெகுதூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், 2300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை அதிக வேகம் தந்தாலும் தூரத்தில் தளர்ந்துவிடும். டவர் தொலைவில் இருக்கும் வீட்டில் கைப்பேசியைச் சன்னலில் வைத்துப் பயனில்லை. சிம் போடும் ரவுட்டர் ஒன்றை வாங்கி அதன் ஆன்டெனாவை மொட்டைமாடியில் டவரைப் பார்த்து நிறுத்தினேன். அந்த ஒரு மாற்றத்தால் இரண்டாக இருந்த வேகம் ஏழெட்டு எம்பிபிஎஸ் ஆனது.

2021இல் ஃபைபர் வந்தது. 2011இல் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின் நோக்கம் ஊராட்சிகள்வரை கண்ணாடி இழையைக் கொண்டுசேர்ப்பது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அதைக் கொண்டுசெல்லும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இழை ஊராட்சி மன்ற அலுவலகத்தை எட்டிவிட்டால் நம் வீட்டிற்கும் இணையம் வந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அலுவலகத்திலிருந்து நம் வாசல்வரை உள்ள கடைசி ஒரு கிலோமீட்டரை யாராவது ஒருவர் கம்பம் கம்பமாக இழுத்தாக வேண்டும். எங்கள் பகுதியில் அதைச் செய்தவர், பல ஆண்டுகளாக வீடுகளுக்குத் தொலைக்காட்சி இணைப்புக் கொடுத்துவரும் கேபிள்காரர். ஒரு பெரிய நிறுவனத்தின் இணையத்தை அவர் வாங்கித் தன் இழைகள் வழியே வீடுகளுக்குக் கொடுக்கிறார். ஓர் இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் பெட்டியிலிருந்து என் வீடு 350 மீட்டர் தள்ளியிருந்ததால் கேபிளுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். மாதக் கட்டணம் 499 ரூபாய் என்றார்கள். 18 விழுக்காடு வரியைச் சேர்த்தால் அது 589 ரூபாய் ஆகிறது. அந்தக் கட்டணத்திற்குக் கிடைக்கும் 50 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 50 மெகாபிட், அதாவது ஆறேகால் மெகாபைட் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். என் தொழிலுக்கும் வீட்டிலுள்ள நால்வருக்கும் இதுவே தாராளம்.

ஐந்தாவது ஆண்டாகப் பயன்படுத்தும் இந்த இணைப்பைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் இடியில் கம்பிவழி மோடம் கருகும் தொல்லை தீர்ந்தது. மின்சாரப் பிளக் வழியாகத் திடீரென எகிறி வரும் மின்னழுத்தத்திற்கு மட்டும் பாதுகாப்பு வேண்டும். மழையால் வேகம் குறைவதில்லை. ஆனால் இழை அறுகிறது. தை, மாசி மாதங்களில் அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் தெருவுக்குள் வரும்போது, தாழ்வாகத் தொங்கும் கேபிள் வைக்கோலில் சிக்கி இழுபட்டு அறுந்துபோகும். மற்ற மாதங்களில் அணில் கடிக்கிறது. நான் குறித்துவைத்திருக்கும் பதினேழு துண்டிப்புகளில் ஒன்பது அறுவடைக் காலத்தில் நடந்தவை. அதனால் புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், தெருவைக் கடக்கும் இடத்தில் கேபிளை வைக்கோல் வண்டியின் உயரத்திற்கு மேலே கட்டித் தரும்படி முதல் நாளிலேயே வற்புறுத்த வேண்டும். பிறகு சொன்னால் அந்த வேலைக்கு யாரும் ஏணி தூக்கிக்கொண்டு வருவதில்லை.

அறுந்ததை ஒட்டுவதிலும் வேறுபாடு இருக்கிறது. ஸ்பிளைசிங் இயந்திரத்தால் இரண்டு முனைகளையும் உருக்கி இணைத்தால் ஒளியின் இழப்பு மிகச் சொற்பம். அவசரத்திற்குக் கையால் மாட்டும் கனெக்டரில் இழப்பு அதைவிடப் பல மடங்கு. எங்கள் கேபிளில் இரண்டு ஆண்டுகளில் அப்படி ஐந்து இணைப்புகள் சேர்ந்துவிட்டன. அதன்பின் இணையம் பகலில் வருவதும் போவதுமாக இருந்தது. ரவுட்டரை மாற்றியும் சரியாகவில்லை. இழையில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரோடு வந்த தம்பி அளந்து பார்த்துவிட்டு, “அக்கா, லைட்டு வருது, பவர்தான் பத்தல” என்றார். ஒளியின் வலுவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்; மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல் என்று பொருள். தொடக்கத்தில் மைனஸ் 20 டிபிஎம் இருந்த ஒளி மைனஸ் 27ஐத் தொட்டிருந்தது. இழையில் வரும் ஒளியை இணையமாக மாற்றித் தரும், வீட்டிலுள்ள ஓஎன்டி பெட்டி நம்பகமாகப் படிக்கக்கூடிய எல்லையே ஏறக்குறைய அதுதான். ஒட்டுப்போட்ட பகுதியை நீக்கி ஒரே நீளக் கேபிளை இழுத்தபின் மைனஸ் 21க்குத் திரும்பியது. பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் இந்த எண் தெரியும். இணைப்புக் கொடுத்த அன்றே அதைக் குறித்துவைத்துக்கொண்டால், பிற்பாடு “உங்கள் ரவுட்டர்தான் கோளாறு” என்று சொல்பவரிடம் அந்த எண்ணைக் காட்டிப் பேசலாம். சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, உடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

இடையில் 2024இல், அறுவடைத் துண்டிப்புகளால் சலித்து, கம்பியே வேண்டாத 5ஜி ஏர்ஃபைபர் இணைப்பையும் மூன்று மாதம் வைத்திருந்தேன். மாடியில் பொருத்தும் பெட்டி டவரிலிருந்து அலையைப் பெற்று வீட்டிற்குள் தருகிறது. முதல் வாரத்தில் 90 எம்பிபிஎஸ் வந்தது. எங்கள் வீட்டிற்கும் டவருக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு உண்டு. மட்டைகள் மழையில் நனைந்து காற்றில் ஆடும் நாட்களில் வேகம் பத்துக்கும் கீழே இறங்கி, காணொளி அழைப்புகள் உறைந்தன. பொருத்த வந்தவர் வெயில் நாளில் அளந்து பார்த்துவிட்டுப் போனார், நானும் அதை நம்பினேன். திருப்பிக் கொடுத்தபோது வைப்புத்தொகை கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. டவர் நேராகக் கண்ணுக்குத் தெரியும் வீடுகளுக்கு இது நல்ல தேர்வாகவே இருக்கும். பக்கத்து ஊரில் என் அத்தை வீட்டில் இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலைதான் வரும். ஓஎன்டியும் ரவுட்டரும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் அவற்றுக்கென்றே விற்கும் சிறிய யூபிஎஸ் நான்கு மணி நேரம் தாங்குகிறது. நம் வீட்டில் மட்டும் மின்சாரம் இருந்து பயனில்லை. கேபிள்காரரின் அறையிலுள்ள கருவிகளுக்கும் பேட்டரி வேண்டும். எங்களவர் முதல் ஆண்டு அதை வைத்திருக்கவில்லை. தெருவில் பதினோரு வீட்டார் சேர்ந்து கேட்டுக்கொண்ட பிறகு இரண்டு பேட்டரிகள் வாங்கி வைத்தார். இப்போது பகல்நேர மின்தடையில் பெரும்பாலும் இணையம் நிற்பதில்லை.

புகார் கொடுப்பவர்கள் வாய்மொழியோடு நின்றுவிடாமல், சேவை நிறுவனத்தின் எண்ணில் பதிந்து புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல அந்த எண் தேவைப்படும். எனக்கு ஒரு முறை அது உதவியது.

இப்போது ஃபைபரை முதன்மையாகவும், வேறு நிறுவனத்தின், வேறு டவரிலிருந்து சிக்னல் பெறும் சிம் ஒன்றை மாற்று ஏற்பாடாகவும் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் எதிர்வீட்டிற்குக் குடிவந்த ஆசிரியர், எந்த இணைப்பை எடுக்கலாம் என்று கேட்டார். ஸ்பிளிட்டர் பெட்டி இருக்கும் கம்பத்தைக் காட்டி, அவர் வீட்டிற்கு எத்தனை மீட்டர் வரும் என்று இருவரும் நடந்து அளந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பணம் கட்டுவதற்கு முன் அன்றே பழுதுபார்ப்பவரின் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். மறுநாள் ஆசிரியர் முன்பணம் கட்டினார்.