மங்கா என்றால் ஜப்பான்தானா? பாஸ்போர்ட், பாணி, பட்டறை

பன்னிரண்டாவது படிக்கும் அக்கா மகன் மொபைலில் ‘சோலோ லெவலிங்’ காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். ஜப்பானிய காமிக்ஸை மங்கா என்பார்கள். "என்னடா, மங்காவா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "மாமா, இது மங்கா இல்ல, மன்ஹ்வா. கொரியாவோடது" என்றான், பரோட்டாவைச் சப்பாத்தி என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே. நானும் விடவில்லை. "அப்போ ‘ரேடியன்ட்’?" "அது மங்கா." "அதை எழுதி வரைஞ்சவர் பிரெஞ்சுக்காரர்டா." நம்பாமல் தேடிப் பார்த்தான். டோனி வலான்ட், பிரான்ஸ் என்று வந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ அதுவும் மங்கா இல்லையா?" என்று கேட்டான். என்னிடமும் சட்டென்று சொல்லப் பதில் இல்லை.

(மாங்கா என்று நெடிலில் எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அப்படி எழுதினால் ஊறுகாய் ஞாபகம் வருவதால் இந்தக் கட்டுரை முழுக்க மங்காதான்.)

இந்தச் சண்டை பழையது. மூன்று கட்சிகள். படைத்தவர் ஜப்பானியராக, படைத்த இடம் ஜப்பானாக இருக்க வேண்டும் என்பது முதல் கட்சி. எங்கே வரைந்தால் என்ன, பார்க்க மங்கா மாதிரி இருந்தால் மங்காதான் என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சிக்கு ஆள் குறைவு: எந்தப் பட்டறையில், எந்த வேலைமுறையில் உருவானது என்று பார் என்பார்கள் அவர்கள். நான் பெரும்பாலும் இந்தக் கட்சி. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது.

பாஸ்போர்ட் கட்சியின் பலம் அதன் எளிமை. ஜப்பானுக்கு வெளியே ‘மங்கா’ என்ற சொல் புழங்குவதே ஜப்பானிய காமிக்ஸைத் தனித்துச் சொல்லத்தான். கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்விக்கு ஒரே நொடியில் விடை கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால் ஜப்பானியர்களே அப்படிப் பேசுவதில்லை. அங்கே மங்கா என்பது காமிக்ஸுக்கான பொதுச்சொல், ஸ்னூப்பியும் மங்காதான். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால்தான் அமெரிக்கச் சரக்குக்கு ‘அமேகோமி’ என்று தனிப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். 2007இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் சர்வதேச மங்கா விருது என்று ஒன்றைத் தொடங்கியது. அது வெளிநாட்டுப் படைப்பாளிகளுக்கானது. முதல் விருது ஹாங்காங்கின் லீ சி சிங்குக்குப் போனது. தன் ஊரில் ‘மன்ஹுவா’ என்று அழைக்கப்படும் வேலைக்கு அவர் டோக்கியோவில் மங்கா விருது வாங்கினார். அரசாங்கமே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது வாசலில் நின்று பாஸ்போர்ட் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ரசிகர்கள்தான். இது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

அதைவிடப் பெரிய அடி ‘டாக்டர் ஸ்டோன்’. 2017 முதல் 2022 வரை ஜப்பானின் வாராந்தர ஷோனென் ஜம்ப் இதழில் வந்த தொடர். ஷோகாகுகான் மங்கா விருதும் பெற்றது. எழுதியவர் ரிஇச்சிரோ இனாகாகி, ஜப்பானியர். வரைந்த போய்ச்சி தென்கொரியர். பாஸ்போர்ட் விதிப்படி இது பாதி மங்கா. அப்படி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பாணிக் கட்சிக்கு வருவோம். பெரிய கண், கூரான முகவாய், வேகக்கோடு, கறுப்பு வெள்ளை, வலமிருந்து இடம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முதலில் ஜப்பானுக்குள்ளேயே போய்ப் பாருங்கள், பாதிப் பேர் தேறமாட்டார்கள். 1946இல் தொடங்கி 1974 வரை நாளிதழில் வந்த மச்சிகோ ஹசெகாவாவின் ‘சசாயே-சான்’ நான்கு கட்ட நகைச்சுவை; அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தட்டு மாதிரி கண் கிடையாது. ஜிரோ தனிகுச்சியின் பக்கங்கள் பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பத்திலிருந்து வந்தவைபோல் இருக்கும், அந்தச் செல்வாக்கை அவர் மறைத்ததும் இல்லை. சரி, அந்தப் பெரிய கண் எங்கிருந்து வந்தது? டிஸ்னி படங்களைப் பார்த்துப் பார்த்து மயங்கிய மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா கொண்டுவந்தது. 1950களின் தொடக்கத்தில் அவர் டிஸ்னியின் ‘பாம்பி’யை மங்காவாகவே வரைந்தார். ஜப்பானிய அடையாளம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு ஹாலிவுட் இறக்குமதி.

எதிர்ப்பக்கம் ‘உசாகி யோஜிம்போ’. 1984 முதல் வரும் தொடர். முயல் சாமுராய், எடோ கால ஜப்பான், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. படைத்த ஸ்டான் சகாய் கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். கதையிலும் களத்திலும் இதைவிட ஜப்பானியமாக ஒன்று கிடைக்காது. ஆனாலும் இதை அமெரிக்க காமிக்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். இடமிருந்து வலம் போகும் பக்கம், அமெரிக்க இதழ் வடிவம். ஜப்பானைப் பற்றியது என்பதால் மங்கா ஆகிவிடாது. சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். டெக்ஸ் வில்லர் டெக்சாஸில் குதிரை ஓட்டுகிறார், ஆனால் அவர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். கௌபாய் கதை என்போம். அமெரிக்க காமிக்ஸ் என்று சொல்லமாட்டோம்.

பாணியில் உண்மையான விஷயம் கண்ணில் இல்லை, பக்கத்தின் நடையில் இருக்கிறது. காமிக்ஸ் கலையைப் பற்றி எழுதிய ஸ்காட் மக்ளவுட் 1993இல் கட்டங்களுக்கு இடையிலான தாவல்களை வகை பிரித்து எண்ணிப் பார்த்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தாவுகிறார்கள். ஜப்பானில் அதோடு இன்னொன்றும் கணிசமாக இருந்தது: நேரம் நகராமல் ஓர் இடத்தையே சுற்றிப் பார்ப்பது. மழைத்துளி, கூரை ஓரம், அணைந்த அடுப்பு, பிறகுதான் முகம். மௌனத்துக்கே ‘ஷீன்’ என்று ஓர் ஒலிச்சொல் வைத்திருக்கும் மரபு அது. இந்த நடையைக் கற்றுக்கொண்ட வெளிநாட்டவரும் உண்டு, கண்ணை மட்டும் காப்பியடித்தவரும் உண்டு.

இரண்டாவது கூட்டம் பெருகியது 2000களின் அமெரிக்காவில். அதற்கு முன் ஆங்கிலத்தில் மங்கா வந்தால் பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடிப்பார்கள். 1988இல் ஆங்கிலத்தில் வந்த ‘அகிரா’ அப்படித்தான், வண்ணமும் சேர்த்து. திருப்பினால் எல்லா சாமுராயும் இடக்கையர் ஆகிவிடுவார்கள். கிமோனோவின் மடிப்பும் மாறிவிடும். ஜப்பானில் அப்படி மடித்து உடுத்துவது பிணத்துக்கு மட்டும். 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் திருப்புவதை நிறுத்திவிட்டு, வலமிருந்து இடமாக அப்படியே அச்சடித்து, அதுதான் அசல் என்று விற்றது. திருப்பும் செலவும் மிச்சம், அசல் என்ற பெயரும் லாபம். அதே ஆண்டு அதே நிறுவனம் அமெரிக்க இளைஞர்களுக்கு மங்கா போட்டி நடத்தி, உள்ளூர்ப் படைப்புகளையும் மங்கா என்ற பெயரிலேயே வெளியிடத் தொடங்கியது. ஒருபக்கம் அசல் ஜப்பான், மறுபக்கம் உள்ளூர்த் தயாரிப்பு, இரண்டுக்கும் ஒரே அலமாரி. ரசிகர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தப் புத்தகங்களில் நல்லவையும் இருந்தன. ஸ்வெத்லானா ஷ்மகோவாவின் ‘டிராமாகான்’ (2005) அதில் ஒன்று. 2011இல் அந்த நிறுவனம் அமெரிக்கப் பதிப்பை நிறுத்தியபோது முடிந்தது அந்த அத்தியாயம்.

இப்போது என் கட்சி. வாராந்தர இதழில் மங்கா உருவாகும் விதத்தைப் பாருங்கள். வாரம் ஏறக்குறைய 20 பக்கம். வரைவுநிலையிலேயே குறுக்கே நின்று, இந்தக் கட்டம் வேண்டாம், இந்தப் பெண்ணை முன்னாடியே கொண்டுவா என்று சொல்லும் ஆசிரியர். பின்னணியும் ஸ்க்ரீன் டோனும் (புள்ளிகளால் ஆன நிழல்) போடும் உதவியாளர்கள். வாசகர் அனுப்பும் அஞ்சலட்டை. அதில் ஓட்டுக் குறைந்தால் தொடருக்கு மூடுவிழா. 1968இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது இந்த இயந்திரத்தை ஓட்டித்தான். ஒவ்வொரு அத்தியாயமும் கடைசிப் பக்கத்தில் கொக்கி போட்டு முடிவதும், ஒரு சண்டை எட்டு வாரம் இழுப்பதும் யாருடைய தேசிய குணமும் இல்லை, இந்த வேலைமுறையின் விளைவு.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி பரூ என்ற பிரெஞ்சுக்காரர். 1990களில் கோதன்ஷா பதிப்பகம் தன் ‘மார்னிங்’ இதழுக்கு வெளிநாட்டு ஓவியர்களை வரைய அழைத்தது. பிரெஞ்சு ஆல்பம் என்றால் வழக்கமாக 48 பக்கம், வண்ணத்தில். அதற்குள் கதையைத் திணிக்க வேண்டும். பரூவுக்குக் கிடைத்தது 400 பக்கத்துக்கு மேல், கறுப்பு வெள்ளையில். பிரான்சின் பழைய இரும்பாலைப் பகுதியிலிருந்து தெற்கு நோக்கி ஓடும் இரண்டு இளைஞர்கள், பின்னால் துரத்தும் இனவெறிக் கும்பல். முழுக்க முழுக்க பிரெஞ்சுக் கதை. ஆனால் ஒரு கார் திரும்புவதற்கே பல கட்டங்கள் செலவழிக்கும் வசதியை அவருக்குக் கொடுத்தது ஜப்பானியப் பக்கக்கணக்கு. 1996இல் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான். ஒரு கண்கூட பெரிதாகவில்லை, மூச்சு மட்டும் நீளமானது. என் அளவுகோலில் இது முக்கால்வாசி மங்கா. பிரெஞ்சு வாசகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அவர்களுக்கு அது பரூவின் ஆல்பம். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், என் கட்சிக்கு இது சங்கடம் என்றாலும்.

பிலிப்பே ஸ்மித் விஷயம் அவ்வளவு குழப்பமில்லை. அமெரிக்கர், அர்ஜென்டினாவில் வளர்ந்தவர், டோக்கியோபாப்பில் ஆரம்பித்து ஜப்பானுக்கே குடிபோய் கோதன்ஷா இதழில் ‘பீப்போ சூ’ தொடரை வரைந்தார். ஜப்பானைச் சொர்க்கமாகக் கற்பனை செய்யும் அமெரிக்க ரசிகனைப் பற்றிய கதை என்பது கூடுதல் குசும்பு. ஜப்பானிய ஆசிரியர், ஜப்பானிய வாசகர், ஜப்பானிய இதழ். மங்கா, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ‘ரேடியன்ட்’. 2013இல் பிரான்சில் அன்காமா வெளியிட்டது. எந்த இதழிலும் தொடராக வரவில்லை, அஞ்சலட்டை ஓட்டும் இல்லை. என் விதிப்படி இது மங்கா இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 2015இல் ஜப்பானிய மொழியில் புத்தகமாகி, 2018 அக்டோபரில் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் அனிமேவாக ஒளிபரப்பாகி, அங்குள்ள பிள்ளைகள் மற்றதைப் பார்ப்பதுபோல் அதையும் பார்த்தார்கள். பிரான்சில் ‘மான்ஃப்ரா’, அதாவது பிரெஞ்சு மங்கா, என்று ஒரு சொல் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன், இருந்தாலும் கையில் எடுத்துப் படிக்கும்போது அந்தப் பின்னொட்டு எதையும் விளக்குவதில்லை. பட்டறைக்கு வெளியே இருந்துகொண்டே அந்தக் கைப்பழக்கத்தை ஒருவர் முழுதாகக் கற்கலாம் என்பதற்கு வலான்ட் உதாரணம். ஜப்பானிலேயே ரசிகர்கள் சொந்தச் செலவில் அச்சடித்து விற்கும் தோஜின்ஷிக்கும் ஆசிரியரும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அதை மங்கா இல்லை என்று யார் சொல்வார்கள்?

அப்படியென்றால் ‘சோலோ லெவலிங்’கையும் சேர்த்துக்கொள்ளலாமே? இங்கேதான் பையன் பக்கம் சாய்கிறேன். முழு வண்ணம், மேலிருந்து கீழே விரலால் தள்ளிப் படிக்கும் நீளப் பக்கம். வலம் இடம் என்ற கேள்வியே எழாது. கட்டங்களுக்கு நடுவில் விடும் வெற்றிடம்தான் அதன் தாளம். இது வேறு பட்டறை. பெயர் விஷயமும் இருக்கிறது. மங்கா, மன்ஹ்வா, மன்ஹுவா மூன்றும் ஒரே இரண்டு சீன எழுத்துகளின் மூன்று உச்சரிப்புகள். 1814இல் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் தன் சித்திரத் தொகுப்புக்கு வைத்த தலைப்பிலும் அதே எழுத்துகள்தான். ஆனால் 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியின் கீழ் இருந்த நாடு கொரியா. ஜப்பானிய காமிக்ஸுக்கு 1998இல்தான் அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தார்கள். அவர்கள் தம் பெயரைப் பிடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இதில் ஒரு முரண் வேறு: அதே ‘சோலோ லெவலிங்’ ஜப்பானிய மொழிக்குப் போனபோது நாயகன் சங் ஜின்வூ, மிசுஷினோ ஷுன் ஆகிவிட்டான்.

நமக்கும் இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் குறுங்கவிதைகளைப் பற்றி எழுதினார். இன்று தமிழில் மூன்று வரி எழுதினால் ஹைக்கூ என்கிறோம். அசை எண்ணிக்கையையும் பருவச்சொல்லையும் பெரும்பாலும் வழியிலேயே விட்டாயிற்று. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அந்த இடத்தில் நம்மிடம் போட்டிக்கு வேறு பெயர் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொரியாவிடமும் சீனாவிடமும் இருந்தது, வைத்துக்கொண்டார்கள்.

ஆக, என் கணக்கில் ‘டாக்டர் ஸ்டோனு’ம் ‘பீப்போ சூ’வும் மங்கா, தயக்கமே இல்லை. ‘ரேடியன்ட்’டும் மங்காதான், விதியைக் கொஞ்சம் வளைத்து. ‘உசாகி’ இல்லை. ‘சோலோ லெவலிங்’ இல்லை, அதற்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. பரூவை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பாதியில் எழுந்து போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். எட்டுப் பக்கம், அவனே வரைந்தது. கட்டங்கள் வலமிருந்து இடம், வசனம் தமிழில். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடுவதால் அங்கே கட்டமும் எழுத்தும் ஒரே திசையில் போகும். இங்கே பலூனுக்குள் கண் வலப்பக்கம் ஓடி, அடுத்த கட்டத்துக்கு இடப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் ஓடி, மூன்றாம் பக்கத்திலேயே தலை சுற்றியது. ஆனால் நாலாம் பக்கத்தில் வசனமே இல்லை. காலிப் பேருந்து நிறுத்தம், தொங்கும் பை, கம்பியில் காக்கை, பிறகு ஒரு முகம். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

"இத என்னன்னு சொல்றது மாமா?"

"படக்கதைன்னு சொல்லேன்."

"அது அம்புலிமாமா மாதிரி இருக்கு" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.