கால் எரிச்சலுக்கு ஊசியா, மாத்திரையா, கலவைக் காப்ஸ்யூலா?

கும்பகோணம் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் மாலை வேளையில் சற்று நின்றால், காலியான மாத்திரை அட்டையை நீட்டி "இந்த நரம்பு மாத்திரையில் ஓர் அட்டை கொடுங்க" என்று கேட்பவர் ஒருவராவது வந்துவிடுவார். உள்ளங்கால் எரிகிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்பார். அவர் முன் மூன்று வழிகள் உள்ளன: வைட்டமின் பி12 ஊசி, பி12 மட்டும் உள்ள மாத்திரை, பி1, பி6, பி12 எல்லாம் சேர்ந்த கலவைக் காப்ஸ்யூல்.

வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பழுப்புக் குப்பியில் வரும், பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் ஊசி மருந்து செக்கச்செவேல் என்றிருக்கும். அந்த நிறத்துக்காகவே அதில் நம்பிக்கை வைப்பவர்களும் உண்டு. ஊசியின் உண்மையான பலம் வேறு. உணவிலுள்ள பி12, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்துதான் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அந்தப் புரதம் சுரக்காதவர்களுக்கும், குடலில் அறுவை நடந்தவர்களுக்கும், நடை தள்ளாடும் அளவுக்கு நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஊசியே முதல் தேர்வு.

மற்றப் பலருக்கு மாத்திரை போதும் என்பது என் கருத்து. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில், அந்தப் புரதத்தின் துணையின்றியே சுமார் 1 சதவீதம், அதாவது 10 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஒரு நாள் தேவையோ ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான். கீரையிலும் பருப்பிலும் பி12 இல்லாததால் பால், தயிரை மட்டுமே நம்பியிருக்கும் சைவ உணவினருக்கும், சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நாகப்பட்டினத்து மீன் நாள்தோறும் தட்டில் இருந்தாலும், மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கவே செய்யும்.

அதிகம் விற்பதாகத் தோன்றும் கலவைக் காப்ஸ்யூலைத்தான் நான் கடைசியில் வைப்பேன். அதிலுள்ள பி1 நம்மில் பலருக்குத் தனியாகத் தேவைப்படுவதில்லை, ஏனெனில் நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1-இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களும் அடங்கிய தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாக இருந்ததற்குப் புழுங்கல் அரிசியே காரணம். மதுப்பழக்கம் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பி1 அவசியம். பி6-தான் என்னைத் தயங்க வைக்கிறது: ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராமே போதுமான இந்த வைட்டமினை, மிகுந்த அளவில் மாதக்கணக்காக விழுங்கினால், அதுவே கால் மரத்துப்போகக் காரணமாகிவிடும். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும்.

பி12 அளவு சரியாக இருந்தும் கால் எரிகிற சர்க்கரை நோயாளிக்கு இம்மூன்றில் எதுவும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது. எதைத் தேர்ந்தாலும் இரத்தப் பரிசோதனையை முதல் ஊசிக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஊசி போட்ட பின் எடுத்தால் அளவு உயர்ந்து காட்டும், பழைய குறை இருந்ததா இல்லையா என்பது மறைந்துபோகும்.