வெசனத்துக்கு எட்டு வார வகுப்பு: ஒரு மதிப்பீடு

திருப்பூரில் முப்பது தையல் இயந்திரங்கள் கொண்ட சிறிய பனியன் கம்பெனி ஒன்றை நடத்தி வருகிறேன். ஏற்றுமதி நிறுவனங்களிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொழில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும், எங்களுக்கு வேலை கொடுத்து வந்த நிறுவனம் பாதி ஆர்டரை நிறுத்தி வைத்தது. அதன்பின் இரண்டு மாதங்கள், அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதும், விழித்ததும் நெஞ்சு படபடப்பதும், விடியும்வரை கட்டட வாடகை, வங்கித் தவணை, சனிக்கிழமைச் சம்பளம் என்று கணக்குப் போட்டபடியே படுத்துக் கிடப்பதும் எனக்கு வழக்கமாயின. ஈசிஜி, எக்கோ இரண்டிலும் குறை ஏதும் தெரியவில்லை. பரிசோதித்த மருத்துவர், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, கோவை ஆர்.எஸ்.புரத்தில் நடக்கும் மன அழுத்தப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார். அந்த வகுப்பை எட்டு வாரமும் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே பாடத்திட்டத்தைக் கொண்டு வகுப்பு நடத்துவோர் வேறு பலரும் இருப்பதால், யாரிடம் சேர்ந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும் என்பது மற்றொரு காரணம். இந்தப் பாடத்திட்டத்தை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர் தொடங்கினார். மருந்துக்கு அடங்காத நீண்டகால வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக, பௌத்தத் தியான மரபிலிருந்து கவனப் பயிற்சியை மட்டும் எடுத்து, சமயச் சடங்குகளை விலக்கி அமைத்தது அது. வாரத்தில் ஒரு நாள் இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழு நாள் மௌனம், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சி என்பதே அதன் கட்டமைப்பு. நான் கட்டிய கட்டணம் 9,500 ரூபாய்.

சேர்க்கைக்கு முன் நடக்கும் நேர்காணலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மையத்தின் மேல் எனக்கு மதிப்பு ஏற்பட்டதே அங்கேதான். வகுப்பு நடத்துபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவுச் சான்று வரவேற்பறையிலேயே மாட்டப்பட்டிருந்தது. ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலையில் இது சின்ன விஷயமன்று. மன அழுத்தத்தை அளக்கும், பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றில், 40க்கு எனக்கு 29 வந்தது. அதன்பின் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள். அவற்றில் கடைசிக் கேள்வி, செத்துப் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் வந்ததா என்பது. பலரும் கேட்கக் கூசுகிற அந்தக் கேள்வியை, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பது போன்ற இயல்பான குரலில் அவர் கேட்டார். அதனாலேயே உண்மையைச் சொல்ல முடிந்தது. என்னோடு சேர்வதற்காக வந்திருந்த என் மச்சானிடம், இப்போது அவருக்கு வேண்டியது வகுப்பு அல்ல, மனநல மருத்துவரின் சிகிச்சை என்று சொல்லி, கட்டணம் எதுவும் வாங்காமல் கடிதம் கொடுத்து அனுப்பினார். மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் அவர் வீட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார். ஒரு வாடிக்கையாளரை இழக்கத் தயங்காத இடம் என்ற எண்ணம் அன்றைக்கு எனக்கு உண்டாயிற்று.

அதே நேர்காணலில் சொற்களைப் பற்றிய ஒரு குழப்பமும் தெளிந்தது. நாம் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை, வேலை நெருக்கடியால் வரும் இறுக்கத்துக்கும் பயன்படுத்துகிறோம், எதிலும் பிடிப்பில்லாமல் மாதக்கணக்கில் மனம் தாழ்ந்து கிடக்கும் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகிறோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. வகுப்பில் பெருந்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். ‘வெசனம் ஏதாச்சும் இருக்குதுங்களா?’ என்று, கவலைக்கு எங்கள் பக்கம் வழங்கும் சொல்லால் உளவியலாளர் மாற்றிக் கேட்டதும், மகளின் மணமுறிவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கொங்கு நாட்டில் வெசனப்படாதவர் யார்? அந்தச் சொல்லை வகுப்புக்குள் கொண்டு வந்ததற்காகவே உளவியலாளருக்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கலாம்.

முதல் வகுப்பில் எல்லோர் கையிலும் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, அதை முன்பின் கண்டிராத பொருளாகப் பாவித்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்னச் சொன்னார்கள். இது மூலப் பாடத்திட்டத்திலேயே உள்ள புகழ்பெற்ற பயிற்சியாம். எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது. உலர்திராட்சைக்குப் பதிலாகக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் ஒரு கட்டியைக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஈடுபட்டிருப்பேன். ஆனாலும் அன்றிரவு, பல மாதங்களாகச் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்பதும், குழம்பில் என்ன காய் போட்டிருந்தது என்று ஒரு நாள்கூட எனக்குத் தெரிந்ததில்லை என்பதும் உறைத்தன.

வகுப்பின் மையப் பயிற்சி, படுத்த நிலையில் கால் பெருவிரலிலிருந்து உச்சந்தலை வரை உடலின் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் கவனித்து வருவதாகும். இதற்கு அவர்கள் முதலில் கொடுத்த ஒலிப்பதிவு, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கப்பட்ட தமிழில் இருந்தது. ‘உங்கள் இடது முழங்காலில் எழும் உணர்வுகளை வரவேற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு குரல் சொல்லும்போது, முழங்காலுக்கு ஆரத்தி எடுப்பதா என்று சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் வாரம் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து முறையிட்ட பிறகு, உளவியலாளர் தம் சொந்தக் குரலில், அவருடைய கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சு வாடையோடு, புதிதாக ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினார். அது கிடைத்த பிறகுதான் வீட்டுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன்.

நான்காம் வாரத்தில் சொல்லித் தந்த உடலியல் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. கார்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோன் நெருக்கடியைத் தாங்குவதற்கான சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். வட்டியும் தவணையும் புலியைப் போல வந்துவிட்டுப் போவதில்லை, கூடவே இருப்பவை. அதனால் உடம்பு தணிவதே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவை எங்கள் பழைய கிளட்ச் மோட்டார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டால், தைத்தாலும் தைக்காவிட்டாலும் அவை உறுமிக்கொண்டே இருக்கும், மின்சாரமும் போய்க்கொண்டே இருக்கும். இப்போது வந்துள்ள சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும். மின்கட்டணத்துக்குப் பயந்து இயந்திரங்களையெல்லாம் சர்வோவுக்கு மாற்றிய நான், என் உடம்பைக் கிளட்ச் மோட்டாராகவே ஓடவிட்டிருக்கிறேன். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு மெதுவாகிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஏழு அல்லது எட்டு எண்ணும் வரை விடுவது அவர்கள் சொல்லித் தந்த கணக்கு. டையிங்கிலிருந்து துணி ஷேடு மாறி வந்திருக்கிறது என்று தகவல் வரும் கணத்தில் இதைப் பத்து முறை செய்துவிட்டுப் பிறகு செல்பேசியை எடுக்கும் பழக்கம் எனக்கு வந்துள்ளது. துணி மாறிய ஷேடிலேயேதான் இருக்கிறது, ஆனால் நான் கத்துவதில்லை.

மூலப் பாடத்திட்டத்தில் இல்லாத, எண்ணங்களைச் சீர்செய்யும் சிகிச்சை முறையிலிருந்து உளவியலாளர் சேர்த்துக்கொண்ட ஒரு வேலையும் உண்டு. மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, கவலைகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். இடப்பக்கம் நாளைக்கு நான் ஏதாவது செய்யக்கூடியவை. வலப்பக்கம் என் கையில் இல்லாதவை. இரவில் கவலை வந்தால், நாளை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்க வேண்டும். அமெரிக்க வரி நாற்பது நாளும் வலப்பக்கத்திலேயே இருந்தது. வங்கி மேலாளரைப் பார்த்துத் தவணைக்கு அவகாசம் கேட்பது என்பதை நான் முதலில் வலப்பக்கத்தில் எழுதியிருந்தேன். அது இடப்பக்கத்துக்கு உரியது என்று புரிய மூன்று வாரமாயிற்று. அவகாசம் கிடைத்தது. எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரும் பலன் இதுதான் என்று நினைக்கிறேன், அதற்குக் கண்ணை மூடி உட்காரவே வேண்டியிருக்கவில்லை. நான்கு மணிக்கு மேல் டீ கூடாது என்ற விதியும் உதவியது. டீயிலுள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகுமாம்.

இனிக் குறைகள். வகுப்பு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்பது சம்பள நேரம் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? அவிநாசி சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டர் போய், திரும்பி வந்து, ஒன்பது மணிக்கு மேல் சம்பளம் போட்டுவிட்டு, மன அழுத்தம் குறைந்துவிட்டதா என்று என்னை நானே கேட்டுக்கொண்ட சனிக்கிழமைகள் உண்டு. முழுநாள் மௌனத்துக்கு ஒரு ஷிப்மென்ட்டின் முந்தைய நாள் வாய்த்தது. மதியத்துக்கு மேல் நான் கவனித்ததெல்லாம் பையில் அணைத்து வைத்திருந்த செல்பேசியை மட்டுமே. வாட்ஸப் குழுவில் யார் யாரோ காலை வணக்கப் படங்களை அனுப்புவதை மையம் தடுக்கவில்லை. பதினான்கு பேரில் பதினொருவர்தான் கடைசி வரை வந்தோம்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, அந்தப் பதினான்கு பேரில் ஒரு தொழிலாளிகூட இல்லை என்பது. இதைச் சொன்னபோது உளவியலாளர் மறுக்கவில்லை. ஒரு நாள் எங்கள் கம்பெனிக்கே வந்து, டீ நேரத்தோடு சேர்த்து முக்கால் மணி நேரம் இலவசமாகப் பயிற்சி கொடுத்தார். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, கழுத்து வலியோடு நின்றபடியே வேலை பார்க்கும் செக்கிங் பெண்கள் விரும்பிச் செய்தார்கள். முடிவில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, எங்களிடம் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் அம்மா எழுந்து, ‘மூச்சு விடறதெல்லாம் நல்லாத்தானுங் இருக்குது அம்மணி. வாரத்துல நாலு நாள் ஒன்றரை ஷிப்ட்டுனு நிக்கச் சொல்றதை மொதலாளி கொஞ்சம் கொறைச்சா, தானா தூக்கம் வருமுங்’ என்றார். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகும் அந்த நான்கு நாள்களை, வேலை குறைந்திருந்த மாதத்திலும், ஆள் குறைவாக வைத்துச் செலவை மிச்சப்படுத்துவதற்காக நான் மாற்றாமல் வைத்திருந்தேன். வங்கித் தவணை எனக்கு எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு நான். அன்று மாலை என் நோட்டின் இடப்பக்கத்தில் அது ஏறியது. இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் ஒன்றரை ஷிப்ட். இன்னும் கூடுதலாக ஆள் கிடைத்தால் அதையும் குறைக்க எண்ணியிருக்கிறேன்.

எட்டாம் வார முடிவில் அதே பத்துக் கேள்விகளில் எனக்கு 18 வந்தது. அந்தப் பதினொரு எண் குறைந்ததில் வகுப்பின் பங்கு எவ்வளவு, வங்கி கொடுத்த அவகாசத்தின் பங்கு எவ்வளவு, நிறுத்தி வைத்திருந்த ஆர்டரில் கொஞ்சம் திரும்பி வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்று மணி விழிப்பு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இன்னும் வருகிறது. வந்தால் படபடப்பு இல்லை, கால் பெருவிரலிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலும் முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

தூக்கம் கெட்டும், எரிச்சல் மிகுந்தும், ஆனால் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டும் இருப்பவர்கள் இவ்வகுப்பில் தாராளமாகச் சேரலாம். மாதக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் இருப்பவர்களும், உயிரை விடும் எண்ணம் உள்ளவர்களும் வகுப்புக்காகக் காத்திருக்கக் கூடாது; கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சேர விரும்புவோர் பணம் கட்டும் முன், வகுப்பு எடுப்பவரின் பதிவு விவரத்தையும், தவறவிட்ட வகுப்பை வேறு நாளில் ஈடுசெய்ய முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த அணிக்கு ஞாயிறு காலை பத்து மணி என்று நேரத்தை மாற்றியிருப்பதாகத் தகவல் வந்துள்ளது. நான் போன மையத்திலேயே சேர்பவராக இருந்தால், முழங்காலை வரவேற்கும் அந்தப் பழைய பதிவைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளாமல், கோபிப் பேச்சில் ஒன்று இருக்கிறதே என்று கேட்டு வாங்குங்கள்.