ஸ்போர்ட்ஸ் கார் ஏசியில் கேஸ் கசிவு: எந்தச் சோதனையை எப்போது நம்புவது?

கேஸ் நிரப்பி மூன்றே வாரத்தில் மறுபடி சூடான காற்று வந்தால், எங்கோ கசிகிறது என்று யாருக்கும் புரிந்துவிடும். எங்கே என்பதில்தான் பாடு. சாதாரண காரில் பானெட்டைத் திறந்தால் கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டைத் தணிக்கும் கண்டென்ஸர், குழாய்கள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். தப்பான இடத்தைச் சந்தேகப்பட்டாலும் ஒரு மணி நேரம்தான் வீண். ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. போர்ஷே 911 மாதிரி இன்ஜின் பின்னால் உள்ள கார்களில் கம்ப்ரஸர் வால் பக்கம் இருக்கும், கண்டென்ஸர்கள் முன் பம்பருக்குள் இருக்கும். நடுவே அலுமினியக் குழாய்கள் காரின் நீளம் முழுக்க ஓடும். பம்பரைக் கழற்றுவது ஒரு வேலை, அடிமூடிகளைக் கழற்றுவது இன்னொரு வேலை, டேஷ்போர்டு என்றால் நாள் கணக்கு. அதனால் நான் ஒவ்வொரு சோதனை முறையையும் ஒரே அளவுகோலில் பார்க்கிறேன்: எதையும் கழற்றுவதற்கு முன்னால் அது எனக்கு எவ்வளவு சொல்கிறது?

முதலில் கேஜ், அதாவது அழுத்தமானி விஷயம். "கேஜ் மாட்டிப் பார்த்தோம், ப்ரெஷர் சரியாக இருக்கிறது, லீக் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. இது தவறு. ஏசி ஓடாமல் நிற்கும்போது, உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, ப்ரெஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் என்றால் 30 டிகிரியில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். முழுசாக இருந்தாலும் அதே, பாதி போயிருந்தாலும் அதே. எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ரெகவரி மெஷினில் கேஸை வெளியே எடுத்து எடை பார்க்க வேண்டும். காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கோடு அதை ஒப்பிட்டால், கடைசியாக நிரப்பிய தேதியையும் வைத்து மாதத்துக்கு எத்தனை கிராம் போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எந்த முறை பொருந்தும் என்பதை இந்த ஒரு எண்ணே பாதி முடிவு செய்துவிடும்.

பம்ப் வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி வெற்றிடமாக்கி, அந்த வேக்கம் நிற்கிறதா என்று பார்ப்பதை லீக் டெஸ்ட் என்றே பலர் எண்ணுகிறார்கள். நான் அதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் வேக்கத்தால் உருவாக்க முடிந்த அழுத்த வித்தியாசம் வளிமண்டல அழுத்தம் அளவுக்குத்தான், அதாவது 14.7 பிஎஸ்ஐ. அதே குழாய் வெயிலில் ஓடும்போது 200 பிஎஸ்ஐக்கு மேல் தாங்குகிறது. அது மட்டுமில்லை, வேக்கம் இழுப்பது உள்நோக்கி. மூட்டில் இருக்கும் தேய்ந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்று உள்ளே இழுக்கும்போது கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், வெளியே தள்ளும்போது விட்டுவிடும். வேக்கம் நிற்கவில்லை என்றால் பெரிய ஓட்டை இருக்கிறது என்று நம்பலாம். நின்றது என்றால் எதையும் நம்ப முடியாது. ஈரத்தை வெளியேற்ற வேக்கம் அவசியம், அதோடு அதன் வேலை முடிந்தது.

சோப்பு நுரையைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். இடம் தெரிந்துவிட்டால் அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கண்ணெதிரே குமிழ் வளரும்போது விவாதத்துக்கு இடமே கிடையாது. ஆனால் கண்ணும் கையும் போகும் இடத்தில் மட்டும்தான் அது உதவும். ஒரு நுணுக்கம் உண்டு: ஏசி ஓடும்போது லோ சைடில், அதாவது கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்தில், 30 பிஎஸ்ஐ அளவுதான் இருக்கும், நிறுத்திச் சற்று நேரம் விட்டால் இரண்டு பக்கமும் சமமாகி 90 பக்கம் வந்துவிடும். அதனால் லோ சைடு குழாய்க்கு இன்ஜினை நிறுத்தி வைத்துவிட்டு நுரை போடுங்கள். கேஜ் மாட்டும் வால்வுகளில் முதலில் போடுங்கள். அந்த வால்வின் ஊசி தேய்ந்து, மேல் மூடியும் தொலைந்து, அதன் வழியாகவே கேஸ் போன கார்கள் ஏராளம். மூடிக்குள் இருக்கும் ரப்பர்தான் அங்கே கடைசிக் காவல்.

யூவி சாயத்துக்கும் எலெக்ட்ரானிக் டிடெக்டருக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி.

சாயம் எண்ணெயோடு கலந்து ஓடும். எண்ணெய் கசியும் இடத்தில் படியும், யூவி விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அதன் பலம் பொறுமை. ஓடும்போது மட்டும், சூடேறும்போது மட்டும், அதிர்வில் மட்டும் கசிகிற இடங்களை அது பிடித்துவிடும். கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் ஷாஃப்ட் சீல் இதற்குச் சரியான உதாரணம். ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பது வழக்கம். அப்போது சீலின் விளிம்பில் எண்ணெய்ப் படலம் வறண்டுவிடுகிறது, மறுபடி ஓட்டத் தொடங்கும்போது அங்கே கசிகிறது. நிறுத்தி வைத்துச் சோதிக்கும் எந்த முறையும் இதைத் தவறவிடலாம். சாயமோ புல்லிக்குப் பின்னால் விசிறியடித்த கோடாகத் தெளிவாகத் தெரியும்.

அதன் பலவீனம், மறக்காதது. முன்பு எப்போதோ கசிந்து சரிசெய்த இடத்தில் பழைய சாயம் அப்படியே இருக்கும். கேஜ் ஹோஸைக் கழற்றும்போது சிந்திய துளியும் ஒளிரும். போட்டதும் பதிலும் கிடைக்காது, சில நாள் ஓட்ட வேண்டும். மூடிகளுக்குப் பின்னால் ஒளிர்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இன்னொன்று, ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் காரில் மின்சாரக் கம்ப்ரஸர் இருந்தால் அதற்கென உள்ள, மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்க்குப் பொருந்தும் சாயம் மட்டுமே போட வேண்டும். மற்ற எண்ணெய் கலந்த சாயம் மின்காப்பையே கெடுத்துவிடும்.

டிடெக்டர் முகர்ந்து பார்க்கும் கருவி. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2791 தரத்துக்கு உட்பட்டது என்றால் வருடத்துக்கு 4 கிராம் கசிவைக்கூட உணர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலை செய்யும், இது சாயத்துக்கு இல்லாத பெரிய வசதி. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனம், கீழே இறங்கும். எனவே மூட்டின் அடிப்பக்கத்தில்தான் முனையைக் கொண்டுபோக வேண்டும். 5 மில்லிமீட்டர் இடைவெளி, நொடிக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர் வேகம், அதற்கு மேல் அவசரம் கூடாது. இன்ஃப்ராரெட் வகை டிடெக்டரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால், சுற்றியிருக்கும் கேஸையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடும். அதனால் முனையை நகர்த்திக்கொண்டே இருங்கள். பிரேக் கிளீனர், பெட்ரோல் ஆவி, ரப்பர் பசை இவற்றுக்கும் சில வகைகள் கத்தும். ஒரே இடத்தில் மூன்று முறை கத்தினால்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் விஷயத்தில் போட்டியே கிடையாது, டிடெக்டர்தான். ப்ளோயரை முழு வேகத்தில் 15 நொடி ஓட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கேஸ் கசிந்தால் கீழே தேங்கும். பிறகு தண்ணீர் வடியும் குழாயின் வாயில் முனையை வையுங்கள், அதில் தண்ணீர் இல்லை என்று பார்த்துக்கொண்டு. அது கத்தினாலும் டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள். எவாப்பரேட்டருக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் குழாயைப் பிரித்து, எவாப்பரேட்டரை மட்டும் தனியாக அடைத்து, நைட்ரஜன் ஏற்றிப் பாருங்கள். அதுவும் இறங்கினால்தான் கழற்றுவது நியாயம்.

நைட்ரஜனுக்கு வருவோம், என் மனம் சாயும் பக்கம் இது. கேஸ் முழுசாகப் போய்விட்ட காரில், தேடுவதற்காகவே புதுக் கேஸ் நிரப்புவதை நான் ஏற்பதில்லை. ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஓட்டை இருப்பது தெரிந்தே அதை உள்ளே விடுவது சரியில்லை. உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக, 150 பிஎஸ்ஐயைத் தாண்டாமல் ஏற்றினால் போதும். ஆக்ஸிஜனைத் தப்பித்தவறியும் ஏற்றக்கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனில் இரவு முழுக்க நிறுத்திக் காலையில் பார்ப்பவர்கள் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் வைத்த 150 பிஎஸ்ஐ, 20 டிகிரிக்கு வந்தால் கசிவே இல்லாமல் 5 பிஎஸ்ஐ இறங்கும்.

வெறும் நைட்ரஜன் இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும். அதில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிலிண்டரும், ஹைட்ரஜனை முகரும் டிடெக்டரும் இருந்தால் இடத்தையும் சொல்லும். அந்த அளவில் அது தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது, மெல்லிய வெடிப்பிலும் நுழைந்து வெளியே வரும். காற்றைவிட லேசானது, மேலே ஏறும். ஆகவே இங்கே முனை மூட்டின் மேல்பக்கம். கேஸ் தேடிப் பழகிய கை தானாகக் கீழே போகும், அதை மாற்றிப் பழக வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். இரண்டு இருக்கை, நடுவில் இன்ஜின். வேறு பட்டறையில் கண்டென்ஸரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள், இரண்டு முறையும் காரணம் அங்கே தெரிந்த சாயக் கறை. ஸ்டிக்கரில் 900 கிராம், நான் எடுத்தபோது வந்தது 310. கேஸை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் கலவையை 100 பிஎஸ்ஐக்கு ஏற்றினேன். முன்பக்கம் டிடெக்டர் வாயைத் திறக்கவில்லை. அடிமூடியின் விளிம்போடு முனையை நகர்த்திக்கொண்டு வந்தபோது, இருக்கைக்கு நேர் கீழே டிக் டிக் என்று ஆரம்பித்து, ஒரு சாண் தள்ளிப் போனதும் அடங்கியது. திரும்ப வந்தேன், மறுபடி அதே இடம். அந்த ஒரு மூடியை மட்டும் கழற்றினோம். குழாயைப் பிடித்திருந்த எஃகுக் கிளாம்பின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. அலுமினியத்தில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் பொடி. "அண்ணே, இங்கே பச்சையே இல்லையே" என்றான் கூட இருந்த தம்பி. மழைத் தண்ணீர் அடிக்கும் இடம், சாயம் எப்படி நிற்கும்? பொடியைத் துடைத்து நுரை வைத்தேன். கடுகளவு குமிழ் ஒன்று கிளம்பி, மெல்லப் பட்டாணி அளவுக்கு ஊதியது.

அதனால் என் வரிசை இப்படி. சிஸ்டம் காலி என்றால் ஹைட்ரஜன் கலவை, பிறகு அந்த இடத்தில் நுரை. பாதிக் கேஸ் இருந்தால், 50 பிஎஸ்ஐக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிடெக்டர். இரண்டும் ஒன்றும் சொல்லாமல், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் குளிர்ச்சி குறைகிறது என்றால்தான் சாயம். கசிவை அடைக்கும் திரவ டப்பாக்களை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவே மாட்டேன். ஈரம் பட்டால் உள்ளேயே இறுகி எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும், ரெகவரி மெஷினையும் பாழாக்கும்.

சரிசெய்த பிறகு, கண்டுபிடித்த அதே முறையில் அதே இடத்தை மறுபடி சோதியுங்கள். அப்புறம் வேக்கம், அப்புறம் எடை பார்த்துக் கேஸ். பழைய சாயக் கறை எங்கே இருந்தாலும் துடைத்துவிடுங்கள். எத்தனை கிராம் போட்டீர்கள், எந்தத் தேதி என்று எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறப்பவர் அங்கிருந்து கணக்கைத் தொடங்கலாம்.