அமீரகத்தின் வேலையிழப்புக் காப்பீடு: 5 திர்ஹாமுக்கு என்ன கிடைக்கிறது?

2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் வேலையிழப்புக் காப்பீடு, ஆட்குறைப்புக் காலத்தில் அங்கே தவிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மிகவும் தேவையான திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமுக்கு மிகாதவர்கள் மாதம் 5 திர்ஹாமும் வரியும் செலுத்தி வந்தால், வேலை பறிபோகும்போது அந்த அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும்.

சிக்கல் கணக்கிடும் முறையில்தான் இருக்கிறது. எங்கள் அறையில் தங்கியிருந்த மதுரைக்காரத் தம்பிக்கு மொத்தச் சம்பளம் 2,500 திர்ஹாம் என்றாலும், ஒப்பந்தத்தில் அடிப்படை 1,200 மட்டுமே, மீதியெல்லாம் படிகள். ஆகவே அவருக்கு மாதம் 720 திர்ஹாம்தான் வந்தது. துபாயின் தேரா பகுதியில் கட்டில் வாடகையும் மெஸ் பணமும் கொடுத்த பிறகு, ஊரில் நகைக்கடனுக்கு வட்டி கட்டக்கூட மிஞ்சவில்லை. இந்தக் கணக்கு மொத்தச் சம்பளத்துக்கு மாற்றப்பட வேண்டும்.

தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை புதிதாக வந்தவர்களைக் கைவிட்டுவிடுகிறது. இருந்தாலும் சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். சேராதவருக்கு 400 திர்ஹாம் அபராதம் உண்டு. வேலை போனால் 30 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். தானாக விலகியவருக்கு இழப்பீடு இல்லை என்பதால், நிறுவனம் நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.